எக்ஸ்எம்எல் ஆவணத்தில் வேண்டியதை மட்டும் எடுத்தல்: எக்ஸ்பாத் அறிமுகம்

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தகவலை எழுதி வைக்க எக்ஸ்எம்எல் ஏற்ற வடிவம். ஆனால் எழுதி வைத்ததிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் திரும்ப எடுப்பது அவ்வளவு எளிதன்று. ஒரு நூலை எக்ஸ்எம்எல் வடிவில் எழுதினால் நூலுக்கு ஒரு தலைப்பு, ஒவ்வோர் இயலுக்கும் ஒரு தலைப்பு, இயலுக்குள் வரும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு என ஒரே பெயர் பல இடங்களில் வரும். அவற்றுள் இயல்களின் தலைப்புகள் மட்டும் வேண்டும் என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? பெயரை மட்டும் சொன்னால் போதாது. அது எதற்குள் இருக்கிறது, எதற்கு அடுத்து இருக்கிறது, அதன் பண்பு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சுருக்கமாகச் சொல்வதற்கென்றே உருவான சிறுமொழிதான் எக்ஸ்பாத்.

எக்ஸ்எம்எல் 1.0, டபிள்யூ3சி என்னும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக 1998 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆவணங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழிக்கும், ஆவணத்தின் ஓர் இடத்தைச் சுட்டும் எக்ஸ்பாயின்டர் முறைக்கும், ஆவணத்தின் ஒரு பகுதியைக் குறிப்பிட ஒரு வழி தேவைப்பட்டது. ஒரே வேலைக்கு இரண்டு இலக்கணம் எதற்கு என்று, இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்பாத் 1.0 உருவாக்கப்பட்டு, 1999 நவம்பர் 16 அன்று வெளியிடப்பட்டது. பின்னர் 2007இல் 2.0, 2014இல் 3.0, 2017இல் 3.1 என வளர்ந்த பதிப்புகள் வந்தன. இருந்தாலும் உலாவிகளும் பரவலாகப் புழங்கும் பல நிரலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகளும்) இன்றும் 1.0 பதிப்பையே பின்பற்றுகின்றன. ஆகவே தொடக்கநிலையில் கற்கிறவர் 1.0இல் தொடங்குவதே நல்லது. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

கீழே ஒரு சிறு நூல் இருக்கிறது. கட்டுரை முழுவதும் இந்த ஒன்றையே பயன்படுத்துவோம்.

<நூல் மொழி="தமிழ்">
  <தலைப்பு>வானியல் அறிமுகம்</தலைப்பு>
  <இயல் எண்="1">
    <தலைப்பு>கோள்கள்</தலைப்பு>
    <பகுதி வகை="விளக்கம்">
      <தலைப்பு>புதன்</தலைப்பு>
      <பத்தி>சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் <சொல்>புதன்</சொல்> ஆகும்.</பத்தி>
      <பத்தி>அதற்குத் துணைக்கோள் இல்லை.<குறிப்பு>வெள்ளிக்கும் இல்லை.</குறிப்பு></பத்தி>
    </பகுதி>
    <பகுதி வகை="விளக்கம்" நிலை="வரைவு">
      <தலைப்பு>செவ்வாய்</தலைப்பு>
      <பத்தி>செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு.</பத்தி>
      <பகுதி வகை="பயிற்சி">
        <தலைப்பு>வினாக்கள்</தலைப்பு>
        <பத்தி>அவற்றின் பெயர்கள் யாவை?<குறிப்பு>ஃபோபோஸ், டெய்மோஸ்.</குறிப்பு></பத்தி>
      </பகுதி>
    </பகுதி>
  </இயல்>
  <இயல் எண்="2">
    <தலைப்பு>விண்மீன்கள்</தலைப்பு>
    <பத்தி>சூரியன் ஒரு விண்மீன்.</பத்தி>
  </இயல்>
</நூல்>

குறிச்சொற்கள் தமிழில் இருப்பதைக் கண்டு இது விளக்கத்துக்காகச் செய்த மாற்றம் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்எம்எல் இலக்கணம் தமிழ் எழுத்துகளாலான பெயர்களை முழுமையாக ஏற்கிறது. ஆனால் குறிப்பிட்ட வேலையைச் செய்து விடை தரும் எக்ஸ்பாத்தின் செயல்கூறுகளுக்கும், தேடும் திசையைச் சொல்லும் அச்சுகளுக்கும் மொழியே வகுத்துவிட்ட பெயர்கள் உண்டு. அவற்றை இங்கே ஒலிபெயர்த்துத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் எழுதும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாகத் தட்டச்சிட வேண்டும்.

மரமும் கணுக்களும்

எக்ஸ்பாத் ஆவணத்தை எழுத்துகளின் வரிசையாகப் பார்ப்பதில்லை. ஒரு மரமாகப் பார்க்கிறது. மரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணு. நூல், இயல், பத்தி போன்ற உறுப்புகள் கணுக்கள். "எண்", "வகை" போன்ற பண்புகளும் கணுக்கள். உறுப்புகளுக்குள் இருக்கும் வெறும் எழுத்துத் தொடர்களும் கணுக்களே. எக்ஸ்பாத் 1.0 மொத்தம் ஏழு வகைக் கணுக்களை வகுத்தாலும், அன்றாட வேலையில் உறுப்பு, பண்பு, உரை ஆகிய மூன்றோடு வேர்க்கணுவையும் தெரிந்திருந்தால் பெரும்பாலும் போதும்.

வேர்க்கணு என்பது நூல் என்ற உறுப்பு அன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நூலுக்கும் மேலே, முழு ஆவணத்தையும் குறிக்கும், பெயரற்ற ஒரு கணு இருக்கிறது. நூல் அதன் பிள்ளை. அதனால்தான் பாதையை எழுதும்போது முதலில் ஒரு சாய்கோட்டைப் போட்டு வேர்க்கணுவில் நின்றுகொண்டு, பிறகு "நூல்" என்று இறங்குகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கணுக்களும் உண்டு. படிப்பதற்கு வசதியாக நாம் இட்ட வரிமுறிவுகளும் உள்தள்ளலும் எக்ஸ்பாத்துக்கு உரைக் கணுக்கள்தாம். நூல் உறுப்புக்கு நேர்ப்பிள்ளைகளாக மூன்று உறுப்புகள் இருப்பதால், அவற்றுக்கு முன்னும் இடையிலும் பின்னுமாக நான்கு வெற்றிட உரைக் கணுக்கள் அங்கே இருக்கின்றன. உறுப்புகளைப் பெயர் சொல்லித் தேடும் வரை இவை நம்மைத் தொந்தரவு செய்யா. உரையைத் தேடும்போதுதான் தலைகாட்டும்.

பாதை என்பது முகவரி அன்று

எளிய பாதையிலிருந்து தொடங்குவோம்.

/நூல்/இயல்/தலைப்பு

வேர்க்கணுவிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து இயலுக்கு, இயலிலிருந்து தலைப்புக்கு. பார்ப்பதற்குக் கணினியில் கோப்புறைகளின் வழியே ஒரு கோப்பைச் சுட்டும் பாதையைப் போலவே இருக்கிறது. பல பாடங்களும் அந்த ஒப்புமையோடுதான் தொடங்குகின்றன. அந்த ஒப்புமை முதல் பத்து நிமிடங்களுக்கு உதவும், அதன் பிறகு கெடுக்கும் என்பது என் கருத்து. கோப்பின் பாதை ஒரே ஒரு கோப்பைச் சுட்டும் முகவரி. எக்ஸ்பாத்தின் பாதையோ, படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் செயல். ஒவ்வொரு படியும் கணுக்களின் தொகுப்பு ஒன்றைக் கையில் வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு கணுவிலும் நின்று தேடி, கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து அடுத்த தொகுப்பாகத் தருகிறது. மேற்கண்ட பாதையில் "இயல்" என்ற படி இரண்டு இயல்களைத் தரும். "தலைப்பு" என்ற படி அந்த இரண்டிலும் தனித்தனியே தேடி "கோள்கள்", "விண்மீன்கள்" என்ற இரண்டு தலைப்புகளைத் தரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எக்ஸ்பாத்தில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் பலவும் தாமே விளங்கிவிடும்.

இதே காரணத்தால் /நூல்/தலைப்பு என்பது "வானியல் அறிமுகம்" என்ற ஒன்றை மட்டுமே தரும். ஒற்றைச் சாய்கோடு நேர்ப்பிள்ளைகளை மட்டும் பார்க்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்காது. எந்த ஆழத்தில் இருந்தாலும் வேண்டும் என்றால் இரட்டைச் சாய்கோடு:

//தலைப்பு

இது ஆறு தலைப்புகளையும் தரும். இரண்டையும் கலந்தும் எழுதலாம். //பகுதி/தலைப்பு என்றால், எங்கே இருந்தாலும் சரி, ஒரு பகுதியின் நேர்ப்பிள்ளையாக இருக்கும் தலைப்பு. "புதன்", "செவ்வாய்", "வினாக்கள்" என மூன்று. /நூல்/இயல்/பகுதி/தலைப்பு என்று எழுதியிருந்தால், பகுதிக்குள் பகுதியாக இருக்கும் "வினாக்கள்" விடுபட்டிருக்கும். எத்தனை அடுக்கு ஆழம் என்று முன்கூட்டியே தெரியாத ஆவணங்களில் இரட்டைச் சாய்கோடு தவிர்க்க முடியாதது. அமைப்பு உறுதியாகத் தெரிந்த இடத்தில் அதை எழுதினால் தேவையற்ற தேடலும், எதிர்பாராத கணுக்களும்தான் மிஞ்சும்.

பண்புகளைச் சுட்ட @ குறி. /நூல்/இயல்/@எண் என்பது 1, 2 என்ற இரண்டு பண்புக் கணுக்களைத் தரும். பெயர் எதுவானாலும் சரி என்றால் உடுக்குறி: /நூல்/* என்பது நூலின் மூன்று பிள்ளை உறுப்புகளையும் தரும். மொழி என்ற பண்பு அந்த மூன்றில் சேராது. ஏனென்றால் பண்புக்கு அதன் உறுப்பு பெற்றோராக இருந்தாலும், பண்பு அந்த உறுப்பின் பிள்ளையாகக் கருதப்படுவதில்லை. உறவுமுறையில் இது ஒரு விந்தையான ஏற்பாடுதான். ஆனாலும் விதி அப்படி. ஒரு புள்ளி நிற்கும் கணுவையும், இரண்டு புள்ளிகள் அதன் பெற்றோரையும் குறிக்கும். இரண்டு பாதைகளின் விளைவுகளை ஒன்றாகச் சேர்க்க இடையில் செங்குத்துக் கோடு இட வேண்டும்: //சொல் | //குறிப்பு என்றால் மூன்று கணுக்கள்.

சதுர அடைப்புக்குள் நிபந்தனை

படியின் விளைவைச் சலித்தெடுக்கச் சதுர அடைப்பைப் பயன்படுத்துகிறோம். அடைப்புக்குள் இருப்பது ஒவ்வொரு கணுவிடமும் கேட்கப்படும் கேள்வி. ஆம் என்று விடை தரும் கணு மட்டும் தங்கும்.

//பகுதி[@வகை="பயிற்சி"]
//பத்தி[குறிப்பு]
/நூல்/இயல்[@எண்>1]/தலைப்பு

முதலாவது, வகை பயிற்சியாக உள்ள ஒரு பகுதியைத் தரும். இரண்டாவது, தனக்குள் குறிப்பு உள்ள பத்திகளைத் தரும். குறிப்புகளை அன்று, குறிப்பை உடைய பத்திகளை. வேண்டியது குறிப்பா, பத்தியா என்பதைப் பொறுத்து //பத்தி/குறிப்பு என்று இறங்குவதா, அடைப்புக்குள் வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சாய்கோடு நம்மை நகர்த்தும். சதுர அடைப்பு நிற்கும் இடத்திலேயே நிறுத்திச் சோதிக்கும்.

இங்கே தொடக்கநிலையினர் அடிக்கடி செய்யும் பிழை இரண்டு. @ குறியை மறந்து [வகை="பயிற்சி"] என்று எழுதினால், வகை என்ற பெயரில் ஒரு பிள்ளை உறுப்பைத் தேடும். மேற்கோள் குறியை மறந்து [@வகை=பயிற்சி] என்று எழுதினால், பயிற்சி என்ற பெயரில் ஒரு பிள்ளை உறுப்பைத் தேடி அதோடு ஒப்பிடும். இரண்டும் இலக்கணப்படி சரியான கோவைகள், அதாவது முறையாக எழுதிய எக்ஸ்பாத் தொடர்கள். ஆகவே பிழைச்செய்தி எதுவும் வராது, வெற்றுத் தொகுப்புதான் வரும். எக்ஸ்பாத்தில் "எதுவும் இல்லை" என்பதும் முறையான விடையே. இந்த மொழியைக் கற்பதில் உள்ள உண்மையான கடினம் அதன் இலக்கணத்தில் இல்லை, இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

அடைப்புக்குள் எண் இருந்தால் அது வரிசை இடத்தைக் குறிக்கும். பெரும்பாலான நிரல்மொழிகளில் எண்ணிக்கை 0இல் தொடங்கும். எக்ஸ்பாத்தில் 1இல் தொடங்கும். /நூல்/இயல்[1] முதல் இயல். /நூல்/இயல்[லாஸ்ட்()] கடைசி இயல். இதுவரை சிக்கல் இல்லை. இனி இதைப் பாருங்கள்:

//பத்தி[1]

ஆவணத்தின் முதல் பத்தி என்று படிக்கத் தோன்றும். கிடைப்பதோ நான்கு பத்திகள். காரணம், இரட்டைச் சாய்கோடு ஒரு சுருக்கக்குறி. அதை விரித்தால் /டிசென்டன்ட்-ஆர்-செல்ஃப்::நோட்()/ என்று வரும். அதாவது, முதலில் ஆவணத்தின் எல்லாக் கணுக்களையும் திரட்டு. பிறகு அவை ஒவ்வொன்றிலும் நின்று, அதன் பிள்ளைகளுள் முதல் பத்தியை எடு. புதன் பகுதியில் முதல் பத்தி ஒன்று, செவ்வாய்ப் பகுதியில் ஒன்று, பயிற்சியில் ஒன்று, இரண்டாம் இயலில் ஒன்று. ஒவ்வொரு பெற்றோரும் தத்தம் முதல் பத்தியைக் கொடுத்துவிட்டார்கள். ஆவணம் முழுமைக்கும் முதலாவது வேண்டுமென்றால், தொகுப்பு முழுவதையும் வட்ட அடைப்பால் கட்டி, அதன் பிறகு எண்ண வேண்டும்:

(//பத்தி)[1]

எண்ணுவது எந்தத் தொகுப்புக்குள் என்ற கேள்வியைக் கேட்டுப் பழகினால் இந்த வேறுபாடு மறக்காது. சதுர அடைப்புகளை அடுத்தடுத்து எழுதும்போதும் இதே கேள்விதான். //பகுதி[@நிலை="வரைவு"][1] என்றால் வரைவுகளைச் சலித்து, மிஞ்சியவற்றில் முதலாவது; செவ்வாய்ப் பகுதி கிடைக்கும். //பகுதி[1][@நிலை="வரைவு"] என்றால் ஒவ்வொரு பெற்றோரின் முதல் பகுதியை எடுத்து, அது வரைவா என்று சோதிப்பது; புதன் பகுதியும் பயிற்சிப் பகுதியும் சோதனைக்கு வரும், இரண்டுமே தேறா, விடை வெற்று.

எதிர்மறையில் உள்ள பொறி

வரைவாக இல்லாத பகுதிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயல்பாகக் கை எழுதுவது இது:

//பகுதி[@நிலை!="வரைவு"]

விடை வெற்று. புதன் பகுதியும் பயிற்சிப் பகுதியும் வரைவு இல்லையே, ஏன் வரவில்லை? அடைப்புக்குள் இருக்கும் @நிலை என்பதும் ஒரு தொகுப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தொகுப்பை ஒரு சரத்தோடு, அதாவது எழுத்துத் தொடரோடு, ஒப்பிடும்போது எக்ஸ்பாத் கேட்பது, "இத்தொகுப்பில் இந்த ஒப்பீட்டை நிறைவேற்றும் கணு ஒன்றாவது இருக்கிறதா?" என்பதே. அந்த இரண்டு பகுதிகளுக்கும் நிலை என்ற பண்பே இல்லை, தொகுப்பு வெற்று, வரைவு அல்லாத நிலை ஒன்றாவது இருக்கிறதா என்றால் இல்லை. சரியான வழி, முழு ஒப்பீட்டையும் மறுப்பது:

//பகுதி[நாட்(@நிலை="வரைவு")]

இப்போது இரண்டு பகுதிகளும் வருகின்றன. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. பயிற்சிப் பகுதி, வரைவாக இருக்கும் செவ்வாய்ப் பகுதிக்குள் அமர்ந்திருக்கிறது. வரைவை நீக்கிவிட்டு நூலை அச்சிட அனுப்புகிறவருக்கு, வரைவுக்குள் இருப்பதும் வரைவுதான். பெற்றோரின் பண்பு பிள்ளைக்குத் தானாக இறங்கும் என்று எக்ஸ்பாத் கருதுவதில்லை. நாம்தான் மேலே ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு அச்சுகள் தேவை.

மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் நகர்தல்

இதுவரை எழுதிய ஒவ்வொரு படியும் உண்மையில் ஒரு சுருக்கம். ஒரு படியின் முழு வடிவம், அச்சு::பெயர்[நிபந்தனை] என்பதாகும். எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை அச்சு சொல்கிறது. எதையும் எழுதாவிட்டால் பிள்ளை அச்சு. மொத்தம் 13 அச்சுகள் இருக்கின்றன; எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூதாதையரைத் தேடும் அச்சும் உடன்பிறப்புகளைத் தேடும் இரண்டு அச்சுகளும் போதிய அளவு வேலை செய்யும்.

//பகுதி[நாட்(ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப்::பகுதி[@நிலை="வரைவு"])]

தானோ தன் மூதாதையருள் ஒரு பகுதியோ வரைவாக இருக்கக் கூடாது என்பது இதன் பொருள். இப்போது புதன் பகுதி மட்டும் மிஞ்சுகிறது. நிபந்தனைக்குள் ஒரு முழுப் பாதையே இருப்பதையும், அந்தப் பாதைக்குள் இன்னொரு நிபந்தனை இருப்பதையும் கவனியுங்கள். எக்ஸ்பாத்தின் வலிமை இந்த அடுக்கலில்தான் இருக்கிறது.

மூதாதையர் அச்சில் எண்ணிக்கை, நிற்கும் இடத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும். //குறிப்பு/ஆன்செஸ்டர்::பகுதி என்றால் மூன்று பகுதிகளும் வரும். இரண்டாவது குறிப்புக்குப் பயிற்சி, செவ்வாய் என இரண்டு மூதாதைப் பகுதிகள் இருக்கின்றன அல்லவா? //குறிப்பு/ஆன்செஸ்டர்::பகுதி[1] என்றால் ஒவ்வொரு குறிப்புக்கும் மிக அருகிலுள்ள பகுதி மட்டும், ஆக இரண்டு. பின்னோக்கிய அச்சுகள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி: முந்தைய உடன்பிறப்புகளைத் தேடும் ப்ரிசீடிங்-சிப்ளிங் அச்சிலும் [1] என்பது ஆவணத்தின் முதலாவது அன்று, உடனடியாக முன்னால் இருப்பது.

அடுத்துவரும் உடன்பிறப்புகளுக்கு ஃபாலோயிங்-சிப்ளிங். "செவ்வாய்" என்ற தலைப்பைத் தொடர்ந்து வரும் பத்தி வேண்டுமென்றால் இரண்டு வகையில் எழுதலாம்.

//தலைப்பு[.="செவ்வாய்"]/ஃபாலோயிங்-சிப்ளிங்::பத்தி
//பகுதி[தலைப்பு="செவ்வாய்"]/பத்தி

விடை ஒன்றே. ஆனால் இரண்டாவதைத்தான் நான் எழுதுவேன். செவ்வாய் என்று தலைப்பிட்ட பகுதியின் பத்தி என்று மனத்தில் நினைக்கும் விதமாகவே அது இருக்கிறது. உடன்பிறப்பு அச்சு உண்மையில் தேவைப்படுவது, தலைப்பையும் பத்திகளையும் ஒன்றாகக் கட்டும் உறுப்பே இல்லாத, தட்டையான ஆவணங்களில்தான்.

உரையைத் தேடும்போது

ஓர் உறுப்பின் உரை என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. புதன் பகுதியின் முதல் பத்தியைப் பாருங்கள். அதன் நடுவில் சொல் என்ற உறுப்பு இருப்பதால், பத்திக்கு நேர்ப்பிள்ளைகளாக இரண்டு உரைக் கணுக்கள் இருக்கின்றன: "சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் " என்பது ஒன்று, " ஆகும்." என்பது மற்றொன்று. புதன் என்ற உரை, சொல் உறுப்பின் பிள்ளை, பத்தியின் பேரப்பிள்ளை. டெக்ஸ்ட்() என்பது நேர்ப்பிள்ளைகளான உரைக் கணுக்களை மட்டுமே தரும். ஆனால் ஓர் உறுப்பின் சரமதிப்பு என்பது அதற்குள் எந்த ஆழத்தில் இருந்தாலும் எல்லா உரைகளையும் வரிசையாகக் கோத்தது.

//பத்தி[கன்டெய்ன்ஸ்(டெக்ஸ்ட்(), "புதன்")]
//பத்தி[கன்டெய்ன்ஸ்(., "புதன்")]

முதல் கோவை எதையும் தராது. பதிப்பு 1.0இல், ஒரு சரத்துக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கும் கன்டெய்ன்ஸ் செயல்கூறுக்கு ஒரு தொகுப்பைக் கொடுத்தால், அது முதல் கணுவை மட்டும் சரமாக மாற்றிக்கொண்டு மற்றவற்றைக் கைவிடும். முதல் உரைக் கணுவில் புதன் இல்லை. இரண்டாவது கோவை பத்தியின் முழுச் சரமதிப்பைப் பார்ப்பதால் சரியான பத்தியைத் தருகிறது. ஆகவே எதிலும் புள்ளியைப் பயன்படுத்துவதே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? முழுவதும் அன்று. குறிப்பில் மட்டுமே உள்ள "வெள்ளி" என்ற சொல்லைத் தேடினாலும் இரண்டாவது வகைக் கோவை பத்தியைத் தந்துவிடும். மேலும், உறுப்பின் பெயர் எதுவானாலும் சரி என்று //*[கன்டெய்ன்ஸ்(., "புதன்")] என எழுதினால், அந்தச் சொல்லை நேராகத் தாங்கும் உறுப்புகளோடு, அவற்றின் மூதாதையர்களான பகுதி, இயல், நூல் எல்லாம் வந்து நிற்கும், நம் ஆவணத்தில் மொத்தம் ஆறு உறுப்புகள்.

உள்தள்ளல், வரிமுறிவு ஆகியவற்றால் ஒப்பீடு பொய்க்கிறது என்றால் நார்மலைஸ்-ஸ்பேஸ்(.)="செவ்வாய்" என்று எழுதலாம். இச்செயல்கூறு இருபுறமும் உள்ள வெற்றிடத்தை நீக்கி, இடையில் உள்ளவற்றை ஒற்றை இடைவெளியாகச் சுருக்கும்.

தமிழ் உரையில் தேடுகிறவர்கள் கூடுதலாகச் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். எக்ஸ்பாத்துக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. யூனிகோடு குறியீடுகளின் வரிசைதான் தெரியும். "கோள்" என்று தேடினால் துணைக்கோள் உள்ள பத்திகளும் வரும். நம் ஆவணத்தில் மூன்று பத்திகள் தேறும். ஆனால் "கோளை" என்று எழுதிய பத்தி ஒன்று இருந்தால் அது வராது. கண்ணுக்கு ள் என்பது ஓர் எழுத்து. குறியீட்டிலோ ள என்ற எழுத்துக்குப் பின் புள்ளி தனிக் குறியீடாக நிற்கிறது, கோளை என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் ஐகாரக் குறி வந்துவிடுகிறது. புள்ளியை விட்டுவிட்டு "கோள" என்று தேடினால் இரண்டும் அகப்படும். இதே காரணத்தால் ஸ்ட்ரிங்-லெங்த்("கோள்") என்பது 2 என்று சொல்லாது. 4 என்று சொல்லும். அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எக்ஸ்பாத் 1.0 அவற்றை வெவ்வேறு சரங்களாகவே கருதும். கண்முன்னே இருக்கும் சொல் தேடலில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் இதையும் ஐயப்பட வேண்டும். யூனிகோடு வடிவத்தைச் சீராக்கும் செயல்கூறு 2.0 பதிப்பில்தான் வந்தது, 1.0இல் பணிபுரிகிறவர்கள் ஆவணத்தையும் தேடும் சரத்தையும் முன்கூட்டியே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நிரலுக்குள் எழுதும்போது

நிரலில் பெரும்பாலும் ஒரே கோவையோடு வேலை முடிவதில்லை. முதலில் பகுதிகளை எடுத்து, பிறகு ஒவ்வொரு பகுதியாகச் சுற்றிவந்து அதற்குள் உள்ள பத்திகளைத் தேடுவோம். அப்போது, கையில் இருக்கும் பகுதியிலிருந்து //பத்தி என்று தேடினால், ஒவ்வொரு சுற்றிலும் நூலின் ஐந்து பத்திகளும் வந்து குவியும். சாய்கோட்டில் தொடங்கும் எந்தப் பாதையும், நாம் எங்கே நின்றாலும், ஆவணத்தின் வேர்க்கணுவிலிருந்தே தொடங்கும். நிற்கும் கணுவுக்குள் மட்டும் தேட முன்னால் ஒரு புள்ளி இட்டு .//பத்தி என்று எழுத வேண்டும்.

நெடுநேரத்தை விழுங்கும் மற்றொரு பொறி பெயர்வெளி, அதாவது ஒரே பெயர்கள் மோதாமல் இருக்க உறுப்புப் பெயர்களை ஒரு முகவரியோடு சேர்த்து அடையாளப்படுத்தும் ஏற்பாடு. ஆவணத்தின் மேலுறுப்பில் முன்னொட்டு இல்லாத இயல்புப் பெயர்வெளி ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தால், அதற்குள் உள்ள முன்னொட்டற்ற உறுப்புகள் எல்லாம் அந்தப் பெயர்வெளியைச் சேர்ந்தவை ஆகிவிடும். எக்ஸ்பாத் 1.0இலோ முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் எந்தப் பெயர்வெளியிலும் சேராத பெயர் என்றே பொருள். விளைவு, //பத்தி என்ற மிக எளிய கோவைகூட வெற்றுத் தொகுப்பைத் தரும்; ஆவணத்தைத் திறந்து பார்த்தால் பத்திகள் கண்ணெதிரே இருக்கும். நிரலகத்தில் அந்தப் பெயர்வெளிக்கு நாமே ஒரு முன்னொட்டைப் பதிவு செய்து, //நூ:பத்தி என்பதுபோல எழுதுவதே முறையான தீர்வு. அந்த முன்னொட்டு ஆவணத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெயர்வெளியின் முகவரி ஒத்திருந்தால் போதும். லோக்கல்-நேம்()="பத்தி" என்று பெயர்வெளியைப் புறக்கணித்துத் தேடும் குறுக்குவழியும் உண்டு; அவசரத்துக்கு உதவும், நிலையான நிரலில் வைக்கத் தக்கது அன்று.

வலைப்பக்கங்களில் எக்ஸ்பாத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். உலாவியின் ஆய்வுக் கருவி, ஓர் உறுப்பின் பாதையைத் தானே எழுதித் தரும். அது பல நேரங்களில் வேரிலிருந்து ஒவ்வொரு படியிலும் வரிசை எண் இட்ட நீண்ட பாதையாக இருக்கும். பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி சேர்ந்தால் பாதை வேறெங்கோ போய் நிற்கும். மேலும், அட்டவணைகளில் எழுதியவர் விட்டுவிட்ட, வரிசைகளைத் தொகுக்கும் டிபாடி உறுப்பை உலாவி தானே சேர்த்துக்கொள்வதால், உலாவியில் சரியாக வேலை செய்யும் பாதை, அதே பக்கத்தைத் தரவிறக்கி வேறொரு நிரலகத்தில் படிக்கும்போது பொய்த்துப்போகலாம். தானாகக் கிடைத்த பாதையை அப்படியே ஒட்டாமல், நிலையான ஒரு பண்பையோ தலைப்பையோ பிடித்துக்கொண்டு குறுகிய பாதையை நாமே எழுதுவது நீண்ட நாள் நிற்கும்.

கோவை வெற்றாகத் திரும்பும்போது, முழுக் கோவையையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரு தொகுப்பு இருக்கிறது என்பதால், எங்கே அது வெற்றாகிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். கவுன்ட்(//பகுதி) 3 என்று வருகிறதா? கவுன்ட்(//பகுதி[@வகை="விளக்கம்"]) 2 என்று வருகிறதா? கவுன்ட்(//பகுதி[@வகை="விளக்கம்"]/குறிப்பு) மட்டும் 0 என்றால், பிழை கடைசிப் படியில்: குறிப்பு பகுதியின் நேர்ப்பிள்ளை அன்று, பத்தியின் பிள்ளை. இடையில் பத்தி என்ற படியைச் சேர்த்து மீண்டும் எண்ணினால் 1 வரும். பயிற்சிப் பகுதியில் உள்ள குறிப்பும் சேர்ந்து 2 வர வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால், அந்த இடத்தில்தான் இரட்டைச் சாய்கோடு தேவை.